கிரஷரில் தொங்கிய பூட்டு

வாசல் கதவைக் கழற்றினால்தான் சவப்பெட்டி வெளியே போகும் என்றார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் ஸ்குரூ டிரைவரோடு கீலின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு வேலை கிடைத்ததே!

நேற்றும் இப்படித்தான். சிமென்ட் ஆலையில் அவன் மெக்கானிக். கல் உடைக்கும் கிரஷருக்குள் பழுது பார்க்க இறங்குகிறவன், முதலில் அதன் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டு தொங்குகிறவரை எந்தக் கொம்பனாலும் கிரஷரை ஓட்ட முடியாது. மதியம் அக்கா போன் செய்து, "அப்பாவுக்கு மூச்சு இழுக்குதுடா" என்றதும் அவனுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பூட்டை மறந்து சாவியோடு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான்.

அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தவர்தான், விடவே இல்லை. அவர் மூச்சு இழுக்கிற சத்தத்தை அவனால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கிரஷர் இரைச்சலுக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறவன் அவன்!

சாயங்காலம் ஆலையிலிருந்து கிரேன்காரர் பைக்கில் வந்தார். "சாவிய மட்டும் குடுப்பா. ஃபோர்மேனே கையெழுத்துப் போட்டுத் தொறந்துக்கறாராம். நீ அப்பாகூட இரு."

"என் பூட்டை நான்தாண்ணே தொறக்கணும்" என்றான். சட்டம் பேசினான், பெரிய சட்டம்! அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். "இதோ வந்துடறேன்பா."

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பூட்டு துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சுக்கா. அறுத்து எடுக்கறதுக்குள்ள..." என்றான், வாய் கூசாமல். அக்கா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ என்னடா பண்ணுவ, பாவம்."

இப்போது கடைசிக் கீலும் கழன்றது. கதவின் மறுபக்கத்தைக் கிரேன்காரர் தாங்கிக்கொண்டார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல நினைத்திருப்பார், மனுஷன்.

"தங்கமான புள்ளைம்மா உன் தம்பி. நேத்து சாவியப் போட்டதும் பூட்டு தொறந்துக்கிச்சு. கெளம்புப்பான்னேன். ஒரு டீ குடிச்சுட்டுப் போறேண்ணேன்னான். அப்புறம் இன்னொரு டீ. கிரஷர் ஓடறதையே பாத்துட்டு உக்காந்திருந்தான். மனசு கொஞ்சம் ஆறட்டும்னு நானும் விட்டுட்டேன்."

ஸ்குரூ ஒன்று அவன் கையிலிருந்து விழுந்து உருண்டது. நாலு பேர் முன்னால் அக்கா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கதவைச் சுவரில் சாய்த்தார்கள். அவனுக்குச் செய்வதற்கு இனி ஒரு வேலையும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்க்கைத் திறந்து, அக்கா எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். கடைசியாக ஒரு டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

"குடிடா" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல."

அவன் டம்ளரைத் தொடவில்லை. ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, டீயில் ஆடை படிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.