ஐந்தாம் வரிசை, ஏழாம் சுவிட்ச்

நான் பொய் சொல்கிறவன் அல்ல. வெள்ளானூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் மனைவி கோமளாவைத் தவிர.

ஆவடி ஃபேக்டரியிலிருந்து ரிடையரான பிறகு ஒரு பொம்மை கீபோர்டைத் திறந்து பார்த்தேன். உள்ளேயிருக்கும் பலகையில் ஒரு புள்ளியை இன்னொன்றோடு கம்பியால் தொட்டால், அதைச் செய்தவனே நினைத்துப் பார்க்காத சத்தமெல்லாம் வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஒரு பெட்டி செய்தேன். பலகைப் புள்ளிகளிலிருந்து குறுக்கே எட்டுக் கம்பி, நெடுக்கே எட்டுக் கம்பி, சந்திக்கும் இடமெல்லாம் ஒரு சுவிட்ச். மொத்தம் அறுபத்து நாலு. ஆய கலைகள் எத்தனையோ அத்தனை.

சாப்பாட்டு மேசையைப் பெட்டி பிடித்துக்கொண்டதில் கோமளாவுக்கு வருத்தம்.

"குக்கர் வெச்சிருக்கேன், கோயிலுக்குப் போய்ட்டு வரேன். மூணு விசில் வந்தா அணைக்கணும். இன்னிக்குப் பருப்பு கெட்டுச்சு, இந்தப் பொட்டி காயலாங்கடைக்குப் பூடும், ஆமா."

ஸ்பீக்கரைச் சமையலறை ஜன்னலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் வரிசையில் தவளை கத்தியது. நாலாம் வரிசையில் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்தது. கேட்டில் இரண்டு குடம் வந்து நின்றது. ஐந்தாம் வரிசை, ஏழாம் சுவிட்சில் குக்கர் விசில். அச்சு அசல். சந்தேகம் தீர மூன்று முறை போட்டேன். மூன்று விசில் ஆனதும் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். சொன்ன சொல் தவறாதவன் நான்.

எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு சமையலறைக்கும் ஒரே காற்றுச் சந்து. யாரும் குக்கரைப் பார்ப்பதில்லை, காதாலேயே எண்ணுவார்கள்.

கீழ்வீட்டு ஜெகன் வந்தான்.

"அண்ணாத்தே, உங்க ஊட்ல பருப்பு வெந்துச்சா? நம்ம ஊட்ல கோலிகுண்டு மாரி கீது."

"கடையில லாட்டே சரியில்லப்பா" என்றேன்.

ஒரு மணிக்குள் பன்னிரண்டு வீடும் அதையே சொன்னது. அன்றைக்கு வடக்குக் காற்று வேறு. குமணன்சாவடி வரை பருப்பு வேகவில்லை என்று கேள்வி.

கோமளா வந்து குக்கரைத் திறந்து கரண்டியால் குத்திப் பார்த்தாள். டங்கென்றது.

"எல்லா ஊட்லயும் இதே கதைதான் கோமளாக்கா. லாட்டு சரியில்ல" என்றான் வாசலில் ஜெகன்.

பெட்டி பிழைத்தது என்று நினைத்தேன். அவன் இறங்கிப் போகும்வரை கோமளா காத்திருந்தாள். பிறகு மேசைக்கு வந்து, மேல்நோக்கி நின்ற ஒரே சுவிட்சைக் கீழே தள்ளி மறுபடி தூக்கினாள். விசில் அடித்தது.

கீழ்வீட்டில் ஜெகனின் மனைவி ஜீவா, "ஒண்ணு!" என்று எண்ணினாள்.

கோமளா கத்தவில்லை. அந்த ஒரு சுவிட்சை மட்டும் வெட்டி எடுத்து அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு போட்டு மூடினாள்.

"காயலாங்கடைக்கு அனுப்புனா ஏன்னு கேப்பாங்க. பன்னெண்டு ஊட்டுக்கும் என்னால சோறாக்க முடியாது. பொட்டி இங்கியே கெடக்கட்டும்" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்போது வேலை செய்கிற சுவிட்ச் அறுபத்து மூன்று. கலைகள் கணக்கு போய் நாயன்மார் கணக்கு வந்துவிட்டது. எனக்கும் பக்தி கூடியிருக்கிறது. ஜெகன் மட்டும் இன்னும் பருப்புக் கடையை மாற்றிக்கொண்டே இருக்கிறான்.