ஒரு பொத்தான் குறைகிறது

காலையிலிருந்து மாலைவரை மருமகள் செய்வது ஒரே வேலைதான். புதிதாகக் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனி இதற்காகவே அவளுக்குச் சம்பளம் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கவும் விட்டிருந்தது. கேட்கிறவர்கள் நல்லவர்கள், ஆர்வமுள்ளவர்கள், இரண்டு வரிக்கு ஒரு முறை நன்றி சொல்கிறவர்கள். ஆனால் அவர்களில் ஒரு ஆள்கூடத் திரையில் வரும் பிழைச் செய்தியைப் படிக்க மாட்டார். ‘வேலை செய்யவில்லை, உடனே உதவவும்’ என்று எழுதுவார்கள். எது வேலை செய்யவில்லை என்று கேட்டால் ‘எதுவுமே’ என்பார்கள். திரையில் என்ன வந்தது என்று கேட்டால் ஏதோ வந்தது, மூடிவிட்டேன் என்பார்கள். வந்ததைப் படித்திருந்தால் பாதிப் பேர் இவளிடம் வந்திருக்கவே மாட்டார்கள். அப்புறம் இவளுக்குச் சம்பளமும் வந்திருக்காது. அதை நினைத்துத்தான் அவள் தினமும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மாலையில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தால், அங்கே மாமியார் மடிக்கணினியோடு காத்திருப்பார்.

“இது வேலை செய்யலம்மா.”

“திரையில என்ன வந்துச்சு அத்தை?”

“ஏதோ சிவப்பா ஒரு பெட்டி வந்துச்சு. மூடிட்டேன்.”

மருமகளுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அத்தை லேசுப்பட்டவர் அல்ல. மருந்துக் கம்பெனியில் பாக்கிங் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே மாத்திரை அட்டை ஓடும் பெல்ட்டுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் முதல் காரியமாக அதை அணைக்க வேண்டும். மேனேஜர் கண்ணில் படுவதற்குள் அணைத்துவிட்டு, அப்புறம்தான் என்ன கோளாறு என்று பார்ப்பார்கள். அப்படியே பழகிய கை. சிவப்பைக் கண்டால் மூளைக்கு முந்திக்கொண்டு விரல் போய்விடும்.

இந்த வயதில் அவர் ப்ரோகிராம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மாமா. மாமா கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்தியே காலத்தைத் தள்ளியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. மற்றவர்கள் பேசுவது அவருக்கு நன்றாகப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும், என்ன நினைத்தாலும், ஒரே ஒரு சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே வெறுத்துப்போய், வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். “இடது கை நல்லா இருக்கு. படத்தைத் தொட்டா அது பேசுற மாதிரி ஏதாவது வச்சுக் கொடுங்க. எப்படியாவது சொல்லிப் பழகணும். நாம சொல்லி யாரும் கேட்கப்போறதில்லைன்னு ஒருத்தர் முடிவு பண்ணிட்டா, அதுக்கப்புறம் அவரை வெளிய கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம்மா.”

அன்றைக்கே மருமகள், தான் ஒரே நாளில் எழுதித் தருவதாகச் சொன்னாள். கடையில் விற்கிற ரெடிமேட் ஒன்றை வாங்கலாம் என்றும் சொன்னாள். கப்பல் வேலையில் இருக்கும் கணவனிடம் போனில் சொல்லி, அவனை விட்டும் சொல்லிப் பார்த்தாள். அத்தை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அவருக்கு என்ன வேணும்னு எனக்குத்தானேம்மா தெரியும். நான் எழுதுறேன். உனக்குத் தினமும் எத்தனை பேர் என்னென்னவோ கேட்கிறாங்க, நானும் ஒரு ஆள் கேட்டா என்ன?”

கேட்டார். சும்மா கேட்கவில்லை, உயிரை வாங்கினார். திரையில் ப்ரோகிராம் ஜன்னலின் அளவை மாற்றினால் பொத்தான்கள் எல்லாம் ஒரு மூலைக்குப் போய் ஒண்டிக்கொள்கின்றனவே, ஏன்? நேற்று வந்த படம் இன்று ஏன் வரவில்லை? இரண்டு பொத்தான்களுக்கு ஒரே பெயர் வைத்தால் அதற்கு என்ன வந்தது, எங்கள் பிரிவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்களே? மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். காலையில் முகம் தெரியாத யாருக்கோ சொன்ன அதே பதிலை, மாலையில் அதே வார்த்தைகளில், காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அத்தை தலையாட்டுவார். மறுநாள் அதே இடத்தில் அதே தப்போடு வந்து நிற்பார்.

ஆனாலும் ஒரு வழியாக அது முடிந்தது. தண்ணீர், வலி, பாத்ரூம், விளக்கு, ஃபேன், பசி என்று திரை கொள்ளாமல் பெரிய பெரிய பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். தொட்டால் அத்தையின் குரலே பேசும். ‘எனக்குத் தண்ணி வேணும்.’ ‘எனக்கு வலிக்குது.’ பாடம் ஒப்பிக்கும் குழந்தை மாதிரி அத்தனை பவ்யமாகப் பேசிப் பதிவு செய்திருந்தார். கூடத்து மேசையில் அத்தை அழுத்திக் காட்ட, எல்லாமே அழகாகப் பேசின. மருமகளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

தொடுதிரை உள்ள பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அத்தை யாரையும் கேட்காமல், தானே ப்ரோகிராமை அதற்கு மாற்றி, மாமாவின் கட்டிலோரம் ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வந்தார். “வேணும்னா தொடுங்க. நான் ஓடி வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு, அடுக்களையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று முழுக்க உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டால் திரும்பவில்லை. சாப்பாடு ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டார்.

“அவருக்குப் பிடிக்கலம்மா” என்றார் அத்தை. அத்தனை பெரிய பாக்கிங் பிரிவை ஒரே பார்வையில் அடக்கியவரின் குரல் உள்ளே போயிருந்தது. “நான் எழுதினது அவருக்குப் பிடிக்கல. விட்டுடலாம். நாளன்னைக்கு அந்தப் பேச்சுப் பயிற்சிப் பொண்ணு வந்தா, இவர் தொடவே இல்லன்னு சொல்லிடு.”

மருமகளுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை மாலைகளைத் தின்றுவிட்டு இப்போது விட்டுவிடலாமாம். விடுவிடுவென்று உள்ளே போனாள். மாமாவின் முதுகைப் பார்த்தபடியே ஸ்டாண்டைத் தன் பக்கம் திருப்பி, தண்ணீர்ப் பொத்தானைத் தொட்டாள்.

பொத்தான் உள்ளே போய் வெளியே வந்தது. சத்தம் இல்லை.

வலியைத் தொட்டாள். பசியைத் தொட்டாள். எதுவும் பேசவில்லை. கோளாறு என்று சொல்லி ஒரு பெட்டிகூட வரவில்லை. பேச்சு வராததற்கான காரணம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தினமும் நாலு பேருக்காவது அவள் சொல்கிற பதில்தான் அது. பதிவு செய்த குரல்கள் எங்கே இருக்கின்றன என்று, அத்தை தன்னுடைய கம்ப்யூட்டரில் உள்ள இடத்தை அப்படியே முழு விலாசமாக எழுதி வைத்திருந்தார். இந்தப் பழைய கம்ப்யூட்டரில் அப்படி ஒரு விலாசமே கிடையாது. பொத்தான் போய்த் தேடுகிறது, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கிடைக்கவில்லை என்றால் அது அலறியிருக்க வேண்டுமே?

ப்ரோகிராமைத் திறந்து பார்த்தாள். பிழை ஏதாவது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிற இடம் ஒன்று உண்டு. எல்லாப் பொத்தானுக்கும் அத்தை அந்த இடத்தை எழுதி, உள்ளே ஒன்றும் போடாமல் காலியாக விட்டிருந்தார். என்ன பிழை வந்தாலும் சத்தம் காட்டாமல் விழுங்கிவிடு என்று அதற்கு அர்த்தம்.

“அத்தை, இதை ஏன் காலியா விட்டீங்க?”

“சிவப்புப் பெட்டி வந்தா அவர் பயந்துடுவாரேம்மா. தன்னாலதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுப்பார். அதான் வராம பண்ணினேன்.” இதைச் சொல்லும்போது அத்தைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “நீ சொல்லித் தராததை நானே தேடிக் கண்டுபிடிச்சேன்.”

மருமகள் பொறுமையின் எல்லைக்கு வந்துவிட்டாள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி எத்தனை தடவை சொல்லியிருப்பாள். பிழையை மறைக்காதீர்கள், மறைத்தால் எங்கே தப்பு என்று கடைசிவரை தெரியாது என்று. வாயில் வந்ததைக் கொட்டித் தீர்ப்பதற்காகத் திரும்பினாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பொத்தான் மேல் கண்ணாடியில் விரல் பட்டுப் பட்டு அழுக்குத் திட்டாகப் படிந்திருந்தது. அதற்குப் பக்கத்துப் பொத்தானிலும் அப்படித்தான்.

“அவர் தொட்டிருக்கார்” என்றார் அத்தை. “தொட்டுக்கிட்டே இருந்திருக்கார். நான் அடுக்களையில உட்கார்ந்திருக்கேன்.”

அதற்கப்புறம் மருமகளுக்குத் திட்ட வாய் வரவில்லை. குரல்களை ப்ரோகிராமுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து, விலாசத்தைத் திருத்தி, காலியாக விட்ட இடங்களில் எல்லாம் மணி அடிக்கும்படி எழுதினாள். இரண்டு நாள் மௌனத்தைச் சரிசெய்ய அரைமணிகூட ஆகவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். “என்னங்க, இங்க பாருங்க. நான்தான் தப்பு பண்ணிட்டேன். இப்ப பேசுது, பாருங்க. தண்ணி வேணுமா? இதைத் தொடுங்க. இல்ல, ஃபேன் போடணுமா? வலிக்குதா? எங்க வலிக்குது?” நிறுத்தாமல் பேசினார். கண்ணில் நீர் வழிய வழியப் பேசினார். ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினார். அறை முழுக்க அத்தையின் குரலாகவே இருந்தது, பேசும் அத்தையும் பதிவான அத்தையும்.

மாமா மெதுவாகத் திரும்பினார். இடது கை எழுந்தது. கை திரைமேல் போய், ஒவ்வொரு படமாகக் கடந்தது. எதையும் தொடவில்லை. கடைசிப் படத்தைத் தாண்டி, ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்து நின்றது. அங்கே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி மறுபடி தட்டிவிட்டு, பொத்தென்று மெத்தையில் விழுந்தது. முகம் சுவர்ப் பக்கம் போகப் பார்த்தது.

அந்த முகத்தில் இருந்ததை மருமகள் அடையாளம் கண்டுகொண்டாள். வருத்தமோ பயமோ இல்லை. சாயங்காலம் ஆனால் தன் முகத்தில் இருப்பதுதான் அது. எரிச்சல். வாய்விட்டுக் கொட்ட வழியில்லாத எரிச்சல்.

“அத்தை, கொஞ்சம் வெளிய வாங்க.” கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். “மாமா உங்ககிட்ட அதிகமா சொன்ன வார்த்தை என்ன? தண்ணி, பசி எல்லாம் விடுங்க. தினமும் என்ன சொல்வார்?”

அத்தை யோசிக்கவே இல்லை. “‘நிறுத்துடி, போதும்’பார். நான் பேச ஆரம்பிச்சாப் போதும், அதான்.”

“அதுக்குப் பொத்தான் எங்க?”

அத்தை அவளை முறைத்தார். “என்னைத் திட்டுறதுக்கு நானே பொத்தான் வைக்கணுமா?”

“வைக்கணும். நீங்களே பேசவும் செய்யணும். வீட்ல வேற ஆம்பளைக் குரல் இல்ல.”

முதல் தடவை ‘நிறுத்துங்க, போதுங்க’ என்று பதிவு செய்தார். மாமா அப்படியா சொல்வார் என்று மருமகள் அழித்துவிட்டாள். இரண்டாம் தடவை அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தப்பாகத் திருப்பியவனை அதட்டுகிற தினுசில், வயிற்றிலிருந்து எடுத்து விட்டார். மருமகள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். இத்தனை வருஷம் காதால் வாங்கியது ஒரு சுருதி குறையாமல் அப்படியே இருந்தது. பொத்தானுக்கு அத்தையே இடம் பிடித்தார். மாமாவின் கை போய் நின்ற அந்தக் காலி இடம்.

திரும்பவும் கட்டிலோரம். அத்தை ஒன்றும் விளக்கவில்லை. தலையணையைச் சரிசெய்தபடி, தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். “போர்வையை இப்படியா சுருட்டி வைக்கிறது, நேத்துதானே துவைச்சேன், சாப்பிடாம இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும், டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது, உங்க பையன் போன் பண்ணினா என்ன சொல்றது...”

“நிறுத்துடி, போதும்.”

அத்தையின் கை போர்வையிலேயே நின்றுவிட்டது. மாமாவின் விரல் இன்னும் பொத்தான் மேல் இருந்தது. அத்தைக்கு உதடு துடித்தது. இதோ அழப்போகிறார் என்று மருமகள் நினைத்தாள்.

“எதை நிறுத்தணும்? என்ன போதும்?” என்று ஆரம்பித்தார் அத்தை. “சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டு மனுஷியைச் சாகடிச்சது யாரு? நான் கேட்கக் கூடாதா?”

“நிறுத்துடி, போதும்.”

“மாட்டேன். கேட்பேன்.”

மாமா அழுத்தினார். அது பேசி முடிப்பதற்குள் மறுபடி அழுத்தினார், விடாமல் அழுத்தினார். அழுத்தியதெல்லாம் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக வர, திரை வெளுத்து, ப்ரோகிராம் திணறியது. குரல் முடியும்வரை மற்ற எல்லாமே காத்திருக்கும்படி அத்தை எழுதியிருந்தார். புதிதாக எழுதுகிற எல்லாரும் செய்கிற தப்புதான். மருமகளுக்குக் கை துறுதுறுத்தது. ஸ்டாண்டை நோக்கி ஒரு எட்டு வைத்தாள்.

“அத்தை, கொஞ்சம் இருங்க. திரை உறைஞ்சு போச்சு, இதைச் சரிபண்ணிடுறேன்.”

கன்னமெல்லாம் ஈரமாக, குரலை இன்னும் உயர்த்திக்கொண்டிருந்த அத்தை, அவள் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ அப்புறம் வாம்மா. நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்.”