உறை உரித்த இருபது சுருட்டுகள்

...உரித்திருக்கக் கூடாதோ, இல்லை உரித்ததுதான் சரியோ, இன்டர்நெட்டில் ஒருவன் கண்ணாடித்தாள் உறையோடு வைத்தால்தான் சுருட்டு அடிபடாது என்கிறான், இன்னொருவன் உறையைக் கழற்றினால்தான் பெட்டியின் ஈரம் சமமாக ஏறும் என்கிறான், இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை. சுருட்டு காயாமல் ஈரம் காக்கும் அந்தப் பெட்டியை ஸ்ரீவத்ஸன் மறுபடியும் திறந்தான். மூடியில் பதித்த ஈரமானி அறுபத்தெட்டு சதவீதம் காட்டியது, அதில் குறையில்லை, இருபது சுருட்டும் நீளவாரியாக அம்மணமாய்க் கிடந்தன... ஹென்ரிக் வர இன்னும் அரை மணி, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் லாரி ஏதாவது மறித்தால் கூடக் கொஞ்சம் கிடைக்கும், கிடைத்து என்ன செய்ய? இரண்டு மாத லீவில் ஊருக்குப் போகும்போது இந்த கெஸ்ட் ஹவுஸ் சாவியோடு பெட்டியையும் ஒப்படைத்துப் போன ப்ளாண்ட் தலைவர் ஹென்ரிக்தான், அட்மின் மேனேஜர் பதவிக்கு இவனா, கூட வேலை பார்க்கும் நடேசனா என்று இந்த வாரம் சிபாரிசு எழுதப்போகிறவரும் அவர்தான். உரிக்கச் சொன்னாரா, இல்லை. பதினாலு வருஷ ஃபேக்டரி புத்தி சொன்னது, பேக்கிங் எதுவும் மெஷின் ஓடும் லைனுக்குள் வரக் கூடாது, அட்டையானாலும் பிளாஸ்டிக்கானாலும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், ஆடிட்டில் ஒரு துண்டு கிடந்தால் சூப்பர்வைசர் தலை உருளும். அந்தப் பழக்கத்தில் இருபதையும் ஒரே மூச்சில் உரித்துக் குப்பையில் போட்டாயிற்று, நாலு குட்டைச் சுருட்டு மட்டும் காபி வாசனை ஏற்றியவை, அவற்றை உறையோடு தனியே வைக்க வேண்டும் என்று பெட்டிக்கடியில் இருந்த சீட்டைப் படித்தது மறுவாரம். இப்போது எல்லாமே காபி மணக்கிறது, அல்லது பிரமையா... ஒன்றை எடுத்து முகர்ந்தான். பெருமாள் கைங்கரியத்தில் இருக்கும் அப்பா பார்த்தால் தலைமுழுகச் சொல்ல மாட்டார், இவனையே தலைமுழுகிவிடுவார்.

“இன்னா சார், காலைலேர்ந்து அத்தையே மோந்துகினு கீறியே,” என்றாள் சமையல் சந்திரம்மாள்.

“காபி வாசனை வர்றதா பாருங்கோ.”

“காபி நான் போட்டாத்தான் மணக்கும்.”

சொல்லிவிடலாமா, சொன்னால் நடேசன் கை ஓங்கும், சொல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே தெரிந்துவிடும், தப்புப் பண்ணினவன் என்பதோடு மறைத்தவன் என்ற பெயரும் சேரும், பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா... பயமாக இருந்தது, நாற்பத்தொரு வயதில் நாலு சுருட்டுக்காகப் பயப்படுவது அதைவிட வெட்கமாக இருந்தது. கார் வந்து நின்றது. ஹென்ரிக் நேரே பெட்டியிடம் போனார், “சார், ஒரு தப்பு நடந்துடுத்து...” என்று இங்கிலீஷில் இவன் தொடங்குவதற்குள் ஒன்றைப் பற்றவைத்து, கண்ணை மூடி இழுத்து, அப்படியே இருக்கிறது, நல்ல வேலை என்று தோளைத் தட்டினார். புகை முழுக்கக் காபி, அந்த நீளச் சுருட்டு காபியே இல்லாத ரகம், சமையலறை வாசலில் சந்திரம்மாள்கூட மூக்கை உறிஞ்சி இவனைப் பார்த்தாள். தப்பித்தோம், சந்தோஷம் வர வேண்டும், வரவில்லையே... காபிக்கும் வெறும் புகையிலைக்கும் வித்தியாசம் தெரியாத இந்த மனிதர்தான் என்னையும் நடேசனையும் எடைபோடப் போகிறார், என் பெயரையே எழுதினாலும், எதைப் பார்த்து எழுதுவார்?