ஸ்டேம்பர் குன்றுக்கு ஒரு கியர்பாக்ஸ்

ஸ்டேம்பர் குன்றின் சாலை 1967 ஏப்ரலில் ஏழரை டிகிரி சாய்வாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இரண்டரை டிகிரி கூடிக்கொண்டே போனது. குன்றின் உயரம் மாறவில்லை. சாலையின் நீளமும் ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம் என்று இருந்தது அப்படியே இருந்தது. செங்குத்து மட்டும் ஏறியது. மாவட்ட நில அளவையாளர் ஏப்ரல் தோறும் முக்காலியோடு வந்து அளந்து, எண்ணைப் பதிவேட்டில் எழுதி, கணிதப்படி இது நடக்க வழியில்லை என்று அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். ஐந்தாவது வருடம் அந்த வரியை எழுதுவதை நிறுத்திவிட்டார். 1973இல் பள்ளிப் பேருந்து நின்றது. 1975இல் நிலக்கரி லாரிகள் நின்றன. 1977இல் ஆர்ச்சி நோபிளின் கோவேறு கழுதை பாதி வழியில் உட்கார்ந்து, மேலே நின்றவர்களையும் கீழே நின்றவர்களையும் மூன்று நாள் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கி இறங்கி வந்தது. கிழக்கு கென்டக்கியில் சாலை மோசமாக இருப்பது புதிய விஷயம் இல்லை என்பதால் யாரும் பத்திரிகைக்கு எழுதிப் போடவில்லை.

குன்றுக்கு அப்பால் பிஜன் லிக் என்ற பள்ளத்தாக்கில் பதினோரு வீடுகள் இருந்தன. மற்ற மூன்று பக்கமும் ஆறும் பாறையும். உப்பும் காப்பித்தூளும் வேண்டுமென்றால் அங்கிருப்பவர்கள் சாலையோரம் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கி வந்து, முதுகில் சுமந்துகொண்டு ஏறிப் போவார்கள். தபாலை மட்டும் ஐமோஜீன் ஸ்டேசி கொண்டுபோய்க் கொடுத்தாள். 1964 முதல் அந்தத் தடம் அவளுடையது. கிராமப்புறத் தபால்காரர்கள் எல்லோரையும் போல அவளும் சொந்த வண்டியில்தான் போனாள். வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை எட்டிப் பெடல்களில் வைத்து, இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வலது கையால் சாலையோரப் பெட்டிகளில் கடிதம் போடுவாள். பதினைந்து வருடத்தில் அவளுடைய இடது பக்கம் வலது பக்கத்தைவிட இரண்டு அங்குலம் நீண்டுவிட்டிருந்தது. தையல்காரியிடம் அளவு கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுவாள்.

1979 மார்ச்சில், சாய்வு முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டபோது, அவளுடைய பழைய ஜீப் முதல் வளைவில் நின்றது. மறுபடி கிளம்பவேயில்லை. ஒரு வாரம் பையைத் தோளில் போட்டுக் கயிற்றைப் பிடித்து நடந்தே கொடுத்தாள். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அது மோட்டார் வாகனத் தடம், நடந்து கொடுத்தது கணக்கில் வராது, முப்பது நாளுக்குள் வண்டி போகவில்லை என்றால் பதினோரு முகவரிகளும் நீக்கப்படும். போஸ்ட் மாஸ்டர் கிளெட்டஸ் கிரேஹார்ட் கடிதத்தை அவளிடம் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முகவரி போனால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கத்துப் பள்ளத்தாக்கான டர்க்கி கிரீக்கில் நாலு முகவரிகளை நீக்கினார்கள். முதல் வாரம் வீட்டுக் கதவில் இருந்த எண்கள் உதிர்ந்தன. மூன்றாவது வாரம் நாய்கள் சொந்தக்காரர்களைப் பார்த்துக் குரைத்தன. இலையுதிர் காலத்தில் கணக்கெடுக்க வந்த ஆள் ஒரு வீட்டுச் சமையலறையில் நின்று, அவனுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு எதிரேயே, ஆளில்லாத வீடு என்று எழுதிக்கொண்டு போனான். அந்தப் பெண் ஐமோஜீனின் தங்கை நாடீன். இப்போது கடைத்தெருவில் அவளைக் கடந்து போனால் ஐமோஜீனுக்கு யாரோ கடந்து போனது போல ஒரு குளிர்காற்று மட்டும்தான் தெரியும்.

"ஒரு நாடீன் போதும் எனக்கு," என்றாள் கிளெட்டஸிடம். "அந்தப் பதினோரு பேரையும் லிஸ்டுல வச்சிரு. நான் வண்டியோட வரேன்."

"எந்த வண்டியோட?"

"கொட்டகையில ஒண்ணு கிடக்குல்ல."

கொட்டகையில் கிடந்தது 1969ஆம் வருடத்து ஷெவெல் கார். இரண்டு கதவு, முன்னால் பெஞ்ச் போல ஒரே நீள இருக்கை, மூக்குக்குள் ஒரு பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின். அவளுடைய முன்னாள் கணவன் டெல்மர் பந்தய வண்டியாக்கப் போகிறேன் என்று நாலு வருடம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தான். பிறகு ஓஹையோவில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தப் போனபோது, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய இரண்டு சாமான்களைக் கழற்றிக்கொண்டு போனான். கியர்பாக்ஸ், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டர். அவன் போனதைவிட அவை போனதுதான் ஐமோஜீனுக்கு அதிகம் உறைத்தது. எஞ்சினை மாதம் ஒருமுறை கையால் சுற்றி எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். காரணம் கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

ஹோபர்ட் கூம்ஸின் உதிரிபாகக் கடை ஊரின் நடுவில் இருந்தது. பின்கட்டில் பழைய வண்டிகளை உடைத்துப் போடும் இடம். கடைக்குள் கணப்புச் சட்டியைச் சுற்றி நாலைந்து பேர் காலையிலிருந்தே உட்கார்ந்திருப்பார்கள். எதுவும் வாங்க மாட்டார்கள். யார் என்ன வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்வார்கள். ஐமோஜீன் விஷயத்தைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே கருத்துதான் இருந்தது.

"நாலு கியர். கையால போடுறது," என்றான் ஹோபர்ட். "அதுக்கு மேல நம்மகிட்ட இருக்கறதுலயே பெரிய கார்புரேட்டர். அந்த எஞ்சின் குடிக்கிற குடிக்கு வாயில அண்டாவத்தான் கவுக்கணும்."

"ஆட்டோமேட்டிக் வச்சா என்ன?"

கணப்புச் சட்டிப் பக்கம் ஒருவன் காப்பியைத் துப்பிவிட்டான். "பொணம் ஏத்துற வண்டிக்கு வைக்கிறதும்மா அது. ஷெவெல்லுல அத மாட்டினா வண்டி வெக்கப்பட்டே செத்துரும்."

"மூணு பெடல வலது சீட்டுல இருந்து நான் எப்படி மிதிக்கிறது?"

"இந்தப் பக்கம் உக்காந்து ஓட்டு. மேல போனதும் இறங்கி நடந்து பெட்டியில போடு. கால் இருக்குல்ல?"

இத்தனை பேர் இத்தனை நிச்சயமாகச் சொல்கிறார்களே என்று அவள் ஒப்புக்கொண்டாள். பிற்பாடு அந்த மாதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் வருத்தப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். ஹோபர்ட் நாலு நாளில் இரண்டையும் மாட்டிக்கொடுத்தான். கெடுவின் ஒன்பதாம் நாள் காலை அவள் ஏறினாள். முதல் வளைவு வரை ஷெவெல் உறுமிக்கொண்டு போனது. இரண்டாவது வளைவில் வேகம் குறைந்ததும் கிளட்சைப் பாதி மிதித்து இழுக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் கருகிய வாடை, இரண்டாவது நிமிடத்தில் புகை. மூன்றாவது வளைவுக்கு இருபது அடி இருக்கும்போது, டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும், எஞ்சின் தாகத்தில் விக்கி அணைந்தது. வண்டி பின்னாலேயே இறங்கி, அத்தனை வளைவையும் தலைகீழ் வரிசையில் எடுத்து, ஓடையில் போய் நின்றது. ஐமோஜீன் கதவைத் திறந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

"உனக்கு ஓட்டத் தெரியல," என்றான் ஹோபர்ட்.

"உனக்கு ஏறத் தெரியல," என்றாள் அவள். "இத்தன வருசத்துல ஒரு தடவையாவது அந்தக் குன்றுக்கு மேல போயிருக்கியா நீ? நீ பேசினது பூரா சமதரைப் பேச்சு."

கணப்புச் சட்டியைச் சுற்றி யாரும் சிரிக்கவில்லை.

வண்டியை ஓடையிலிருந்து இழுத்துக் கொட்டகையில் சேர்த்த பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தபோது, படி சாய்ந்திருந்ததால் கஞ்சி ஒரு பக்கமாக ஒதுங்கி, கரண்டி வைத்த பக்கம் காய்ந்து கிடப்பதைப் பார்த்தாள். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், அளவையாளர் அந்த ஏப்ரலில் எழுதிய முப்பத்தேழரை டிகிரிக்கு ஒரு மரக்கட்டையை அறுத்தாள். பெரிய கார்புரேட்டரைக் கழற்றி, மூடியை எடுத்து, தண்ணீர் ஊற்றி அந்தக் கட்டையின் மேல் வைத்தாள். அதில் பெட்ரோல் நிற்க முன்னால் ஒரு தொட்டி, பின்னால் ஒரு தொட்டி. சாய்த்ததும் முன்தொட்டி வழிந்தது. பின்தொட்டியில் தண்ணீர் பின்சுவருக்கு ஓடி, எஞ்சினுக்குப் போகும் துளை வறண்டு நின்றது. பிறகு ஹோபர்ட்டின் பின்கட்டுக்குப் போய், உடைத்துப் போட்டிருந்த வண்டிகளின் கார்புரேட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தக் கட்டையில் வைத்துப் பார்த்தாள். மூன்று நாள் ஆயிற்று. பத்தொன்பது கார்புரேட்டர்கள் வழிந்தன அல்லது வறண்டன. இருபதாவது, பின்பக்கம் நசுங்கிய ஒரு ஸ்டேஷன் வேகனில் இருந்தது. அதில் நட்டநடுவில் ஒரே தொட்டி, சின்னது, ஆழமானது. எப்படிச் சாய்த்தாலும் துளையை விட்டுத் தண்ணீர் விலகவில்லை. காற்றை இழுக்க முன்னால் இருந்த இரண்டு வாய்களும் காசு அளவுக்குச் சின்னவை. பின்னால் இருந்த இரண்டும் சாஸர் அளவு.

"அது குப்பை புள்ள," என்றான் ஹோபர்ட். ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். "ஊர்ல ஒருத்தன் அதத் தொட மாட்டான்."

"ஊர்ல ஒருத்தன் ஸ்டேம்பர் ஏற மாட்டான். சின்ன வாய் ரெண்டால மெதுவா ஊர்ந்து போவேன். பெரிய வாய் ரெண்டும் கடைசிக்கு. சரி, அந்தப் பொண வண்டி கியர்பாக்ஸ் எங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஆட்டோமேட்டிக்ல கிளட்ச் தட்டு இல்ல. விசிறி மாதிரி ரெண்டு, நடுவுல எண்ணெய். ஒண்ணு சுத்தினா எண்ணெய் அடுத்தத இழுக்கும். வழுக்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "வழுக்கும்போதுதான் இழுப்பு ஜாஸ்தி."

"கருகுமா?"

"சூடாகும். அத ஆத்துறதுக்கு வண்டி மூக்குல தனியா ஒரு ரேடியேட்டர் வச்சிரலாம்." கையைத் துணியில் துடைத்தான். "இத நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும் ஐமோஜீன். அவனுங்க முன்னால சொல்ல வாய் வரல."

"இப்ப வாய் வேண்டாம். கைய மட்டும் குடு."

இருவருமாகப் பன்னிரண்டு நாள் வேலை செய்தார்கள். கணப்புச் சட்டிக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு ஆளுக்கொரு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்கள், கடைசியில் கணப்புச் சட்டி அணைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது பெடலை அறுத்து எறிந்தார்கள். பின்டிக்கியில் சக்கரம் பிடித்து நிற்க ஆறு மூட்டை மாட்டுத் தீவனம் ஏற்றினார்கள்.

இருபத்தெட்டாம் நாள் காலை கிளெட்டஸ் தபால் நிலையத்திலிருந்து ஓடிவந்தார். பிஜன் லிக்கில் இருக்கும் ஓபல் நோபிளுக்கு, ஆர்ச்சியின் மனைவிக்கு, பண்ணையிலிருந்து தபாலில் ஐம்பது கோழிக்குஞ்சுகள் வந்திருந்தன. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, ஒரே கீச்சுச் சத்தம். பெட்டி புறப்பட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்றாம் நாளைத் தாண்டினால் ஒன்றும் பிழைக்காது. ஐமோஜீன் பெட்டியை இருக்கையின் நடுவில் வைத்துக் கட்டினாள். கடிதப் பைகளைக் காலடியில் அடுக்கினாள். வலது பக்கம் ஏறி உட்கார்ந்து, நீண்ட இடது காலை நீட்டி முடுக்கினாள்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. வண்டி நடந்துபோகும் ஆளின் வேகத்தில் போனது, நிற்கவில்லை. முன்கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரிந்தது. வலது ஜன்னலில் தெரிந்த கயிற்றைப் பார்த்தே ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். மூன்றாவது வளைவில் குஞ்சுகள் ஐம்பதும் பெட்டியின் ஒரு மூலைக்குச் சரிந்து, சட்டென்று சத்தத்தை நிறுத்தின. அவளுடைய கால் தானாகப் பெடலை அழுத்தப் பார்த்தது. "இரு, இரு," என்று தன் காலிடமே சொன்னாள். சின்ன வாய் இரண்டிலேயே ஊர்ந்தாள். நாலாவது வளைவு தாண்டி, உச்சிக்கு முன்னால் நேராக எழும்பும் அந்த நூறு கஜத்தில் சக்கரம் ஒரு தடவை சுழன்று வழுக்கியது. வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. அப்போதுதான் காலைத் தரை வரைக்கும் அழுத்தினாள். பின்வாய் இரண்டும் திறந்தன. எழுந்த ஊளைச் சத்தத்தில் கீழே கடையின் ஜன்னல் கண்ணாடி இரண்டு விரிசல் விட்டன. டர்க்கி கிரீக் வரை அது கேட்டதாகச் சொல்கிறார்கள். ஷெவெல் உச்சியில் ஏறி நாலு சக்கரத்தையும் சமதரையில் வைத்தது. மூலையிலிருந்த குஞ்சுகள் மறுபடி பரவி, ஐம்பதும் ஒரே குரலில் கத்தத் தொடங்கின.

அவள் ஒரு நிமிடம் நெற்றியைக் குஞ்சுப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபக்கச் சரிவில் இறங்கிப் பதினோரு பெட்டிகளிலும் கடிதம் போட்டாள். ஒரு தடவைகூட இறங்கி நடக்கவில்லை. கடைசி வீட்டில் ஓபல் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய கதவில் இருந்த 11 என்ற எண்ணில் ஒரு ஒன்று ஏற்கெனவே தளர்ந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு மாசமா எங்க போயிட்ட நீ?" என்றாள் ஓபல். "நேத்து எங்க நாய் என்னப் பாத்து யாருன்னு கேக்குற மாதிரி பாத்துச்சு."

"கியர்பாக்ஸ் வாங்கப் போனேன். குஞ்ச எண்ணிக்கோ."

ஓபல் எண்ணினாள். ஐம்பத்தொன்று இருந்தது, பண்ணைக்காரர்கள் ஒன்று கூடுதலாகப் போடுவது வழக்கம். கீழே கிளெட்டஸ் அன்று மத்தியானமே படிவத்தை நிரப்பினார். வண்டி போனது என்ற கட்டத்தில் குறி போட்டு, அந்தப் பேனாவைப் பிறகு யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை.

குன்று அதற்காக நின்றுவிடவில்லை. 1983இல் நாற்பத்தேழரை. ஐமோஜீன் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு புதுக் கட்டை அறுத்து, கார்புரேட்டரைக் கழற்றி அதில் வைத்துப் பார்த்து, தொட்டியில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையை ஒரு நூல் வளைத்துத் திரும்ப மாட்டுவாள். ஹோபர்ட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று மூடுவான். 1988இல் அவன் அவளைக் கட்டிக்கொண்டான். தேவாலயத்துக்கு இருவரும் ஷெவெல்லில் போனார்கள், அவள் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்ட, அவன் இடது பக்கம் கையில் தொப்பியோடு சும்மா இருந்தான். 1991இல் கயிற்றைப் பிடித்து நடப்பது முடியாமல் போய், பிஜன் லிக்காரர்கள் உப்பையும் காப்பித்தூளையும் தபாலில் வரவழைக்கத் தொடங்கினார்கள். அறுபத்தேழரையை எட்டியதும் மேலிடத்திலிருந்து ஓர் ஆள் பார்க்க வந்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஐமோஜீன் ஏறி இறங்கி வரும் வரை காத்திருந்து, நேரம் குறித்துக்கொண்டு, நாலு நிமிடம் தாமதம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

2000ஆம் வருடம் ஏப்ரல் பதினோராம் தேதி நில அளவையாளர் அளந்தபோது சரியாகத் தொண்ணூறு. அவர் சாலைப் பதிவேட்டை மூடிவிட்டு, சுவர்களுக்கான பதிவேட்டில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கினார். மறுநாள் காலை வழக்கம்போல் ஷெவெல் கிளம்பியது. கடைவாசலில் நின்றவர்களுக்கு வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது, மெதுவாக, ஒரே சீராக, பாறையோடு ஒட்டி மேலே போய்க்கொண்டிருந்தது. மழை தூறியதால் வைப்பர் ஓடியது. பதினொன்று பத்துக்கு ஐமோஜீன் ஓபலின் பெட்டியில் ஒரு மின்சார பில்லும் விதைப் பட்டியல் புத்தகம் ஒன்றும் போட்டாள். ஓபல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அட்டையின் ஒரு முனை மடங்கியிருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டாள். ஐமோஜீன் அதை வாங்கி, தொடையில் வைத்து நீவிக் கொடுத்துவிட்டு, இறங்குவதற்கு வண்டியைத் திருப்பினாள்.