சரோஜா கை நனைத்த ஞாயிறு

வீட்டைப் பூட்டும்போதே சரோஜா முடிவு செய்துவிட்டாள், அந்த ஓட்டலில் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை என்று. வயிற்றில் பூனை பிறாண்டினாலும் சரி, வீடு திரும்பி மோர்சாதம் கரைத்துக் குடித்துக்கொள்வாள். கணவன் உலகநாதனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கார் ஏறுவதற்கு முன்பே ஒரு பிரசங்கம் கேட்டாக வேண்டும்.

விஷயம் இதுதான். மருமகள் காயத்ரிக்கு மறுமணம் பேசப் போகிறார்கள். சரோஜாவின் ஒரே மகன் சரவணகுமார் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அணுபுரம் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒரு சிகரெட் கிடையாது. சாமிக்குக் கண் இருக்கா என்று கேட்டுக் கேட்டு சரோஜாவுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

காயத்ரிக்குத் தாய் தகப்பன் இல்லை. கடப்பாக்கத்தில் ஒரு சித்தப்பா உண்டு. அந்த மகராசன் ‘நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி’ என்று போனிலேயே ஒதுங்கிக்கொண்டார். ஆக அந்தப் பெண் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நிற்கும். பையைச் சோபாவில் எறிந்துவிட்டு, “அத்தே, இன்னா டிபன்?” என்று நேராகச் சமையலறைக்கு வருவாள். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசுவார்கள். அவன் சட்டையை மாற்றிப் பொத்தான் போட்டது, பல்லியைப் பார்த்து அலறியது, எல்லாம் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். உலகநாதன் மகன் பெயரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற ஆள். இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் பெயர் சொல்லி அழக்கூட ஒரு துணை இருக்காது. இது சுயநலம்தான், சரோஜாவுக்குத் தெரியாதா? தெரியும். இருந்துவிட்டுப் போகட்டுமே, பெற்ற வயிற்றுக்கு இவ்வளவுகூட உரிமை கிடையாதா?

உலகநாதன்தான் பேச்சை எடுத்தது.

“நாம ரெண்டு பேரும் கண்ண மூடிட்டா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? யோசிச்சியா நீ?” என்றார். “மறைமலைநகர்ல ஒரு பையன் கீறான். பரணிதரன்னு பேரு. கார் பார்ட்ஸ் கம்பெனில இஞ்சினியரு. மொத கல்யாணம் சரிப்பட்டு வராம பிரிஞ்சிட்டாங்க. அம்மா மட்டும்தான். தங்கமான பையன்னு சொல்றாங்க.”

காயத்ரி அன்று வெகுநேரம் தட்டைக் கழுவிக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“அத்தை கை நனைச்சாங்கன்னா எனக்குச் சம்மதம் மாமா. அவங்க நனைக்கலன்னா இந்தப் பேச்ச இதோட வுட்டுடணும்.”

சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் காபி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்கினால் அசிங்கம். அந்தக் கைதான் இப்போது சரோஜாவின் கையாகப் போயிற்று. நல்லா மாட்டிவிட்டாள் மருமகள்!

ஓட்டல் யோசனை பரணிதரனுடையது. யார் வீடாகவும் இல்லாமல் பொதுவாக ஓர் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றானாம். மாமல்லபுரத்துக்குப் போகிற கடற்கரைச் சாலையில் புதுசு புதுசாக முளைத்திருக்கிறதே, அதில் ஒன்று, லெபனான் சாப்பாடு. வாசல் போர்டில் பச்சையாக ஒரு மரம் போட்டிருந்தது. இடத்தின் பெயரைக் கேட்டபோது காயத்ரி ஒரு நொடி தயங்கியதை சரோஜா கவனித்தாள், ஆனால் காரணம் கேட்கவில்லை.

பரணிதரனின் அம்மா வரலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அரைக்கால் சட்டை போட்டவர்களுக்கு நடுவே கல்யாண வீடு மாதிரி நின்றாள்.

“வாங்கக்கா வாங்க! இன்னாக்கா இது, போர்டுல சவுக்கு மரமாட்டம் வரஞ்சி வெச்சிக்கீறாங்க?” என்றாள். “இவன் சொன்னா கேக்கமாட்டான். நம்ம வூட்லயே ஒரு பிரியாணி ஆக்கியிருப்பேன்.”

பரணிதரன் எழுந்து நின்று கும்பிட்டான். அதிகம் பேசாத பையன். முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. குறை கண்டுபிடிக்கவென்றே பார்த்த சரோஜாவுக்கு அதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

தட்டுகள் வந்தன. மேஜை கொள்ளவில்லை. கொண்டைக்கடலையை அரைத்து எண்ணெய் ஊற்றிய ஹம்மூஸ், மசால்வடைக்குப் பெரியப்பா மகன் போல ஃபலாஃபல், ஊதிப்போன குப்பூஸ் ரொட்டி, தணலில் வாட்டிய கோழி. ஒரு தட்டில் கீரைக்கட்டைப் பொடிப்பொடியாக அரிந்து எலுமிச்சை பிழிந்து வைத்திருந்தார்கள்.

“ஆட்டுக்குப் போடறத அழகா தட்டுல வெச்சிக்கீறான் பாரு,” என்று வரலட்சுமி சிரித்தாள். உலகநாதனும் சிரித்தார். எல்லாரும் ஒரே தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

“அக்கா, நீங்க கை வெக்கலியே?”

“வயிறு சரியில்லமா. காலைலேந்தே ஒரு மாதிரி கீது. நீங்க சாப்புடுங்க,” என்றாள் சரோஜா.

உலகநாதன் அவளைப் பார்த்த பார்வையில் குப்பூஸ் கருகியிருக்கும். அவள் கண்டுகொள்ளவில்லை. காயத்ரி தலை குனிந்தபடி ஒரு துண்டு ரொட்டியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். வரலட்சுமி விடவில்லை. “இந்தாங்க, இது தயிர்தான், ஒண்ணும் பண்ணாது, பேருக்கு ஒரு வாய்,” என்று கிண்ணத்தை நகர்த்தினாள். சரோஜா அதைத் திரும்ப நகர்த்தினாள். பேச்சு மெல்ல நொண்ட ஆரம்பித்தது. இன்னும் அரைமணி தாக்குப்பிடித்தால் போதும், எல்லாம் தானாகக் கலைந்துவிடும் என்று சரோஜா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

அப்போதுதான் அந்தப் பரிமாறுகிறவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் கலையரசன் என்று பெயர் குத்தியிருந்தது. இவ்வளவு நேரம் வேறு பக்கத்து மேஜைகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர், காயத்ரியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“மேடம்! நல்லா கீறீங்களா? எவ்ளோ நாளாச்சி பாத்து! சார் வரலியா?”

உலகநாதன் பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அவருக்கு அது உறைக்கவில்லை, பாவம். கையிலிருந்த சின்னக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக அடித்த பூண்டு விழுது.

“நீங்க வந்திருக்கறதப் பாத்துட்டுதான் எடுத்தாந்தேன். சாருக்கு இது ரெண்டு கப்பு வேணும். ‘அண்ணாத்த, பூண்டு கொஞ்சம் கூட வெய்யி’ன்னு உரிமையா கேப்பாரு.”

சரோஜா அந்தக் கிண்ணத்தையே பார்த்தாள். மாசத்துக்கு ஒருதரம் சரவணகுமார் ‘ஆபீஸ்ல லேட்டும்மா’ என்பான். அன்றைக்கென்று காயத்ரிக்கும் லேட்டாகிவிடும். வந்தவன் வாயில் பூண்டு நாறும். ‘கேன்டீன்ல போட்டாங்க’ என்பான். அதற்குமேலும் அவள் சுட்டு வைத்த தோசையை உட்கார்ந்து ஒன்று விடாமல் சாப்பிடுவான். அடப்பாவி! பொண்டாட்டியோடு இங்கே வயிறு முட்டத் தின்றுவிட்டு, அம்மா மனசு கோணக்கூடாதென்று மறுபடியும் தின்றானா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன சண்டைக்கா வந்திருப்பேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்பதற்குத்தான் அவன் இல்லை.

“சார் எங்க மேடம்?” என்று கலையரசன் மறுபடியும் கேட்டார்.

காயத்ரி நிமிர்ந்து சிரித்தாள்.

“வேலையா வெளியூர் போயிருக்காருண்ணா. வர்றதுக்கு நாளாவும்.”

சட்டென்று, யோசிக்காமல், தடுமாறாமல் வந்தது அந்தப் பொய். பழகிய பொய். எத்தனை கடையில், எத்தனை பஸ்ஸில் இதைச் சொல்லியிருக்கிறாளோ! சொன்னபோது அவள் முகம் உண்மையாகவே மலர்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் சரோஜா பயந்துபோனாள். நானும் இதைத்தானே செய்கிறேன் என்று அவளுக்கு உறைத்தது. சாயங்காலமானால் இரண்டு பேரும் உட்கார்ந்து அவனை வெளியூரில் வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு வயசாகிவிட்டது, நான் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுவேன். இவள்? தலை நரைத்த பிறகும் யாரோ கேட்க, இதே சிரிப்போடு ‘வெளியூர் போயிருக்காரு’ என்பாள். பக்கத்தில் நான்கூட இருக்கமாட்டேன்.

வரலட்சுமி முகம் சுண்டிப்போயிருந்தது. “நல்ல காரியம் பேசற எடத்துல இன்னாடா இது…” என்று முணுமுணுத்தவள், கலையரசனிடம், “இத எடுத்துக்கினு போப்பா,” என்றாள்.

“சும்மா இரும்மா,” என்றான் பரணிதரன். அதுவரை அவன் சத்தமாகப் பேசியே அவர்கள் கேட்கவில்லை. “அது இருக்கட்டும்ணா. நீங்க போங்க.” கிண்ணத்தை ஒரு ஓரமாகத் தள்ளாமல், மேஜை நடுவில் இடம்பண்ணி வைத்தான். பிறகு காயத்ரியிடம் மெதுவாக, “உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இன்னிக்கு வேணாங்க. கெளம்பலாம்,” என்றான்.

“கெளம்பலாம் அத்தே,” என்று காயத்ரி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், சரோஜா நினைத்து வந்தது நடந்துவிடும். இன்று சாயங்காலமே வழக்கம்போல இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம்.

சரோஜா கையை நீட்டினாள். ஒரு குப்பூஸை எடுத்தாள். பெரிய துண்டாகவே பிய்த்தாள். தன் பிள்ளை ஆசையாகத் தின்ற அந்தப் பூண்டு விழுதில் அழுத்தித் தோய்த்து வாயில் போட்டாள். காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துப்பிவிடலாமா என்றுகூட இருந்தது. மென்றாள். விழுங்கினாள். எல்லாரும் பார்க்க இன்னொரு துண்டு பிய்த்தாள்.

“அக்கா கை நனைச்சிட்டாங்க!” என்று வரலட்சுமி கூவினாள். சகுனமெல்லாம் பறந்துவிட்டது அவளுக்கு. உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

காயத்ரி நின்ற இடத்திலேயே நின்றாள். சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டது அவள் முகம்.

சரோஜா கை கழுவ எழுந்தபோது அவளும் பின்னாலேயே வந்தாள். கழுவுமிடத்தில் வேறு யாருமில்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

“நீங்க சாப்பிடமாட்டீங்கன்னு நம்பித்தானே அத்தே நான் அப்டி சொன்னேன்.”

“தெரியும்டி.”

“தெரிஞ்சேவா?”

“இப்பத்தான் தெரிஞ்சிது. நீ அந்த ஆளுகிட்ட சொன்னியே, அப்ப.”

காயத்ரியின் உதடு துடித்தது. சாவு வீட்டில் எல்லாரும் ‘அழுதுடும்மா, அழுதுடு’ என்று கெஞ்சியும் அழாமல் சுவரையே பார்த்திருந்த பெண். இப்போது சின்னக் குழந்தை மாதிரி வாய் கோணிக்கொண்டு வந்தது.

“என்னைக் கை கழுவிட்டீங்க இல்ல?”

இல்லடி கண்ணு, உனக்காகத்தான் என்று சொல்ல சரோஜாவுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் இவள் நகரமாட்டாள், காலைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவாள். கோபத்தோடு போனாலாவது போவாள்.

“ஆமாண்டி,” என்றாள். “கழுவிட்டேன். எத்தினி நாளைக்கு உன்ன வெச்சிக்கினு மாரடிக்கறது?”

சொன்ன மறுகணமே அவளும் உடைந்துபோனாள். இரண்டு பேரும் அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், அழுது தீர்த்தார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். பிறகு காயத்ரியே முந்தானையால் முதலில் மாமியார் முகத்தைத் துடைத்தாள், அப்புறம் தன் முகத்தை.

திரும்பி வந்தபோது மேஜை கலகலப்பாகியிருந்தது. வரலட்சுமி தை பிறக்கட்டும் என்கிறாள், உலகநாதன் திருக்கழுக்குன்றம் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். காயத்ரியைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள் வரலட்சுமி.

“இன்னாம்மா, கண்ணெல்லாம் செவந்து கீது? பூண்டு காரமா? தோ பாரு, இனிமே ஆன்ட்டி கீன்ட்டிலாம் கூடாது. வாய் நெறைய அத்தைன்னு கூப்புடணும், தெரிதா?”

காயத்ரி தலையாட்டினாள்.

சரோஜா எதிரில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கோழி ஆறிப்போயிருந்தது. பரணிதரன் அவள் தட்டில் ஒரு துண்டு எடுத்து வைத்தான். வேண்டாமென்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

கொஞ்சநேரம் கழித்து காயத்ரி தண்ணீர் ஜாடியைத் தூக்கினாள்.

“அத்தே, தண்ணி ஊத்தட்டா?”

“கொஞ்சமா ஊத்துடி,” என்று சரோஜா தன் டம்ளரை நீட்டினாள்.

காயத்ரி வரலட்சுமியின் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.