பந்திக்கு முந்தியவர்

மூன்று வருஷத்துக்கு முன்பு ஜேடர்பாளையத்தில் ஞானஸ்நானம் கொடுத்துக் காவிரியில் முக்கி எடுத்தபோது, "பழைய செங்கோடன் இன்றோடு செத்தான்" என்றார் பாஸ்டர். செத்தவர் அன்றைக்கே ஈரவேட்டியோடு பைக்கில் ஏறி ஊர் திரும்பிவிட்டது எனக்குத்தான் தெரியும். நான் அவர் பெண்டாட்டி.

புதிய மனிதர் பீடியை விட்டார், ராகுகாலம் பார்ப்பதை விட்டார், கோழிப்பண்ணை வாசலில் கட்டிய திருஷ்டிப் பூசணியைக்கூட அவிழ்த்து எறிந்தார். ஒன்றை மட்டும் விடவில்லை. எங்கள் ஜெபவீட்டில் திருவிருந்துக்கு ஒரே வெள்ளிக் கிண்ணம். எல்லோரும் அதில்தான் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். சபையில் பாதிப் பேர் காலனிக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் குடிக்க இவருக்கு ஆகாது. அதனால் பாஸ்டர் ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள் வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

"ஏனுங்க, இந்த ஓட்டம் கர்த்தருக்கா, கிண்ணத்துக்கா?" என்று கேட்டேன்.

"சும்மா இரு புள்ள. எச்சி எச்சிதானே."

பாஸ்டர் வெள்ளந்தி. போன ஞாயிறு இவரைச் சபை நடுவில் எழுப்பி நிறுத்தினார். "இவ்வளவு தாகமுள்ள ஆத்துமாவை நான் கண்டதில்லை. இனி செங்கோடன் பிரதர்தான் திருவிருந்துக்கு உதவிக்காரர்."

இவருக்கு நெஞ்சு விரிந்தது. உதவிக்காரர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் மிச்சத்தைக் குடித்து முடிக்க வேண்டும் என்றதும் சுருங்கியது. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஆண்டவருக்கும் குசும்பு உண்டு.

அன்று வரிசையில் கடைசி ஆள் காலனிக் கந்தம்மாக்கா, எங்கள் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். அவர் குடித்துத் தந்த கிண்ணத்தோடு இவர் நின்றார். சபையே பார்த்தது. குடிக்காவிட்டால் அந்த அக்காவை எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்ததற்குச் சமம். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. 'குடிச்சுத் தொலைங்களேன்' என்று வேண்டிக்கொண்டேன். நான் மனதாரச் செய்த முதல் ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

இவர் கிண்ணத்தை உயரத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். திராட்சைரசம் மூக்கில் ஏறியது. புரையேறி, வெள்ளைச் சட்டையெல்லாம் கறையாகி, கண் பிதுங்கி நின்றவரின் உச்சந்தலையில் ஓடிவந்து தட்டியது கந்தம்மாக்காதான்.

"மெதுவாங்கண்ணா. வாய வெச்சே குடிங்க. மொத ஆளா நீங்க வாய் வெச்சதைத்தானுங்களே இத்தன வருசமா நாங்க குடிச்சோம்?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிண்ணத்தில் இன்னும் ஒரு மிடறு இருந்தது. இவர் வாய் வைத்துக் குடித்தார்.