இரவல் முகவரிகள்

பாக்கியசீலனைக் கல்லூரி முதல்வர் திருடன் என்றது வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்.

1999 ஆகஸ்ட் மாதம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் இருந்தது அந்தத் தனியார் கல்லூரி. கம்ப்யூட்டர் லேபில் மாதுரி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். லேப் உதவியாளன் பாக்கியசீலன் பின்வரிசையில் ஒரு மானிட்டரைத் திருப்பி வைத்து ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். முதல்வர் சுருண்டுகொள்ளும் ஒரு ஃபேக்ஸ் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"ஏலே, லேப் சாவி யார்ட்ட இருக்கு?"

"எங்கிட்டதான் இருக்கு சார்."

"ஞாயித்துக்கிழமையும் ஒங்கிட்டதான?"

"ஆமா சார்."

"அப்போ நீதாம்ல கள்ளப்பய."

மாணவர்கள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்கள். முதல்வர் ஃபேக்ஸை உரக்கப் படித்தார். பம்பாயில் ஒரு நிறுவனம். நாட்டிலுள்ள ஆலைகள், கடைகள், ஏற்றுமதியாளர்களின் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் திரட்டி, ஒரு நிறுவனத்துக்கு ஒரு பக்கம் என்று தன் இணையதளத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கங்களை யாரோ ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அள்ளுகிறவர்கள் வருகிற இணைய முகவரிகளில் ஒன்று உங்கள் கல்லூரியுடையது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது நடந்திருக்கிறது. ஆளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்காவிட்டால் போலீசுக்குப் போவோம் என்று எழுதியிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை நான் ஸ்ரீவைகுண்டத்துல கோயில்ல இருந்தேன் சார். ஆராதனை நடத்துன எங்க சபை ஐயரவாளைக் கேளுங்க" என்றான் பாக்கியசீலன்.

"ப்ரோக்ராமை ஓட விட்டுட்டுக் கோயிலுக்குப் போயிருப்ப. எனக்குத் தெரியாதா ஒங்க வேலையெல்லாம்? மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடு. இல்லன்னா இப்பமே வெளிய போ."

"செய்யாததுக்கு எப்படி சார் மன்னிப்பு கேப்பேன்?"

"சார், ஒரு நிமிஷம். நான் பாத்துச் சொல்றேன்" என்று மாதுரி குறுக்கே வந்தாள். முதல்வர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பாக்கியசீலன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மாணவர்கள் ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனான்.

நான்கு வருடமாக அவனோடு வேலை பார்த்தவள் மாதுரி. இறைந்து கிடக்கும் ஃப்ளாப்பிகளைக்கூட யாருடையது என்று கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கொடுக்கிறவன் அவன்.

வகுப்பை அனுப்பிவிட்டு அவள் ப்ராக்ஸி கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். கல்லூரிக்கு இருந்தது ஒரே ஒரு இன்டர்நெட் இணைப்பு. லேபில் யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் இந்த ஒரு கம்ப்யூட்டர்தான் அவர்களுக்குப் பதிலாக வெளியே போய் வாங்கிவந்து கொடுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உள்ளே இருக்கிறவர்கள் தெரியமாட்டார்கள். கல்லூரியின் ஒரே ஐ.பி. முகவரிதான் தெரியும். யார் என்ன கேட்டார்கள் என்பதை அது வரிவரியாகப் பதிந்துவைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளை ஓடவிட்டுப் பார்த்தாள். பம்பாய் தளத்தைக் கேட்ட ஒரு வரியிலும் லேப் கம்ப்யூட்டரின் எண் இல்லை. எல்லாமே வெளியிலிருந்து, ஏதோ ஒரு டயல்-அப் இணைப்பிலிருந்து வந்தவை. ப்ராக்ஸியை நிறுவிக்கொடுத்த சென்னைக்காரர்கள், கல்லூரிக்குள்ளிருந்து கேட்டால் மட்டும் பதில் சொல் என்று அதற்குக் கட்டளை கொடுக்காமலே போயிருந்தார்கள். உலகத்தில் யார் கேட்டாலும் அது கல்லூரியின் பெயரில் போய் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும், கேட்ட மென்பொருள் தன் பெயரைச் சொல்லியிருந்தது. 'பொருநை'.

மாதுரி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். அந்தப் பெயரை வைத்தது அவளேதான். எம்.சி.ஏ. கடைசி வருடத்தில் அவளும் உடன் படித்த ஸ்ரீராகவும் சேர்ந்து, இணையப் பக்கங்களைத் தானாகப் படித்துச் சேகரிக்கிற ஒரு ப்ரோக்ராம் எழுதினார்கள். தாமிரபரணியின் பழைய பெயரை அதற்கு வைக்கலாம் என்றாள் அவள். அவன் கைதட்டினான். அந்த ஸ்ரீராகவ் இப்போது வண்ணார்பேட்டையில் ப்ரௌசிங் சென்டர் நடத்துகிறான்.

முதலில் முதல்வரிடம்தான் போனாள். ப்ராக்ஸி என்றால் என்ன, வெளியாள் எப்படி உள்ளே நுழைந்தான் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். அவர் தாளை அவள் பக்கமே நகர்த்தினார்.

"ஒங்க படமெல்லாம் எனக்கு வேண்டாம்மா. பம்பாய்க்காரன் ஒரு பேரு கேட்டான், குடுத்தாச்சு. அதோட முடிஞ்சு போச்சு. நீங்க அதைக் கெளறாதீங்க."

"குடுத்தது தப்பான பேரு சார்."

"வகுப்புக்கு நேரமாச்சு, போங்க."

அன்று சாயங்காலமே வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

சென்டரில் கூட்டம் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்ரீராகவ் அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தான். "வா மாதுரி. அதிசயமா இருக்கே. ஏ.சி. காத்துல உக்காரு."

"பொருநையை ஓட்டிண்டிருக்கியா?"

"எப்படித் தெரியும் உனக்கு?" அவன் முகம் மலர்ந்தது. "வந்து பாரேன். எங்கேயோ கொண்டுபோயிட்டேன் அதை."

ஒரு கம்ப்யூட்டர் திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. சென்னையில் ஒருவர் நாட்டிலுள்ள தொழில் நிறுவனங்களின் விலாசங்களைக் குறுந்தகட்டில் போட்டு விற்கப் போகிறார். அதற்குத் தகவல் திரட்டிக் கொடுக்கிறேன் என்றான். "முதல்ல என் லைன்லயே எடுத்தேன். ஒரே முகவரியிலேர்ந்து இத்தனை பக்கம் யாரும் கேக்கமாட்டாளேன்னு பம்பாய்க்காரன் கண்டுபிடிச்சு அடைச்சுட்டான். போனை வச்சுட்டுத் திரும்ப டயல் பண்ணினா புது முகவரி வரும், அதையும் பண்ணினேன். அதுவும் அடைபட்டுது. அப்பறம்தான் இது."

அவன் காட்டிய பட்டியலில் நாற்பது முகவரிகள் இருந்தன. கொரியாவில் ஒரு பள்ளிக்கூடம், பிரேசிலில் ஒரு அச்சகம், போலந்தில் ஒரு நூலகம். எல்லாமே யாரோ பூட்ட மறந்த ப்ராக்ஸிகள்.

"முதல் பக்கத்தைக் கொரியா வழியாக் கேப்பேன். ரெண்டாவதைப் பிரேசில் வழியா. நாற்பதும் முடிஞ்சா மறுபடி கொரியா. பம்பாய்க்காரன் கண்ணுக்கு, நாற்பது ஊர்லேர்ந்து நாற்பது பேர் நிதானமாப் பாத்துண்டிருக்கற மாதிரி இருக்கும். ஒரு முகவரி அடைபட்டா அதைத் தூக்கிட்டு வேற ஒண்ணைச் சேத்துப்பேன். இப்போ நான் பாக்கறதே இல்லை. அதுவே எடுக்கும், அதுவே பெயர் வேற விலாசம் வேறயாப் பிரிக்கும், அதுவே சென்னைக்கு அனுப்பும்."

"இதுல எங்க காலேஜ் எங்கே இருக்கு?"

அவன் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு தோளைக் குலுக்கினான். "பதினேழாவது. திறந்து கிடந்துது, எடுத்துண்டேன்."

"எங்க காலேஜ்னு தெரிஞ்சே எடுத்தியா?"

"தெரிஞ்சா என்ன? உனக்கு என்ன நஷ்டம்?"

"எங்க லேப் அசிஸ்டென்ட் பாக்கியசீலனைத் திருடன்னு சொல்லித் துரத்திட்டா. வகுப்புக்கு நடுவுல நிக்க வச்சு." அவள் குரல் உயர்ந்தது. சென்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ ஒளிஞ்சுக்க நாற்பது முகவரி வச்சிருக்கே. ஒவ்வொரு முகவரிக்குப் பின்னாலயும் ஒரு ஆள் இருக்கான்னு தோணலையா? கொரியாவுல எவன் வேலை போச்சோ!"

"மெதுவாப் பேசு. கதவைத் திறந்து போட்டது உங்க காலேஜ்."

"கதவு திறந்திருந்தா உள்ளே வந்து எங்க சட்டையைப் போட்டுண்டு போய்த் திருடுவியா? பம்பாய்க்கு ஒரு கடிதம் எழுது. நான்தான் எடுத்தேன்னு எழுது. போதும்."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றான் ஸ்ரீராகவ். "ஒரு லேப் பையனுக்காக என் கான்ட்ராக்டை விட முடியுமா?"

மாதுரி வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது, 'லேப் பையன்' என்ற சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. பாக்கியசீலனுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு பிள்ளைகள்.

மறுநாள் அவள் முதலில் செய்யப்போனது ப்ராக்ஸியைப் பூட்டுவதுதான். லேப் கம்ப்யூட்டர்களுக்கு வேறு வாசல் வைத்தாள். பழைய வாசலை மூடி முடிக்கப்போனவள் கையை நிறுத்தினாள். மூடினால் ஸ்ரீராகவ் பட்டியலிலிருந்து பதினேழாவதை அடித்துவிட்டு வேறொன்றைச் சேர்த்துக்கொள்வான். அவ்வளவுதான் நடக்கும். ஒரு கல்லூரியை எடுத்தவன் இன்னொரு கல்லூரியை எடுப்பான்.

பழைய வாசலில் அவளே எழுதிய ஒரு சின்ன ப்ரோக்ராமை உட்கார வைத்தாள். வெளியிலிருந்து பொருநை எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அது பம்பாய்க்குப் போகாது. பம்பாய் தளத்தின் பக்கம் போலவே அச்சு அசலாக ஒரு பக்கத்தைத் தானே தயாரித்துக் கொடுக்கும். நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில், 'இந்தத் தகவல்கள் திருடப்பட்டவை' என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஊரும் தொழிலும் கேட்டபடியே இருக்கும்; விலாசத்தில் மட்டும் வண்ணார்பேட்டை சென்டரின் விலாசம். தொலைபேசியில் ஸ்ரீராகவின் எண்.

பொருநைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அது பெயர் இருக்கிற இடத்தில் பெயரை எடுத்தது, விலாசம் இருக்கிற இடத்தில் விலாசத்தை எடுத்தது, சென்னைக்கு அனுப்பியது. நாற்பது நிறுவனங்களுக்கு ஒன்று என்று, நல்ல தகவலுக்கு நடுவே நடுவே அந்த வரி விழுந்துகொண்டே போனது. ஸ்ரீராகவ் பார்க்கவில்லை. அவன்தான் பார்ப்பதே இல்லையே.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், முதல்வர் அறையிலிருந்து வந்த சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. பியூன் ஓடிவந்து மாதுரியைக் கூப்பிட்டான்.

ஸ்ரீராகவ் நின்றுகொண்டிருந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சென்னைக்காரர் தன் குறுந்தகட்டை வாங்க வந்தவர்களிடம் ஓட்டிக் காட்டியிருக்கிறார். கோயம்புத்தூர் ஆலைகளைத் தேடினால், நடுவே 'இந்தத் தகவல்கள் திருடப்பட்டவை' என்று வண்ணார்பேட்டை விலாசத்தோடு வந்திருக்கிறது. லூதியானாவைத் தேடினாலும் அதேதான். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சென்னைக்காரர் போனில் ஸ்ரீராகவைப் பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசியிருக்கிறார்.

"இவ என் தொழிலையே நாசம் பண்ணிட்டா சார்!" என்று கத்தினான் ஸ்ரீராகவ். "உங்க ப்ராக்ஸி வழியாப் போன என் ப்ரோக்ராமுக்குக் குப்பையைக் குடுத்திருக்கா. நான் கேஸ் போடுவேன்!"

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"எங்க ப்ராக்ஸி வழியா நீரு எதுக்குவே போனீரு?"

ஸ்ரீராகவ் மாதுரியைப் பார்த்தான். அவள் அவனுக்கு ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொடுக்கவில்லை.

"அப்போ பம்பாய்க்காரன் எழுதினது ஒம்மைப் பத்தித்தானா?"

ஸ்ரீராகவ் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினான். அவன் கேஸ் போடவில்லை. அடுத்த மாதம் சென்டரை ஒருவருக்குக் கைமாற்றிவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டாள். அங்கே அவனுக்கு நல்ல வேலை கிடைத்ததாகவும் சொன்னார்கள். அதைக் கேட்டபோது அவளுக்கு வந்த எரிச்சல் வெகுநாள் ஆறவில்லை.

முதல்வர் பம்பாய்க்குச் சரியான பெயரை எழுதி அனுப்பினார். பாக்கியசீலனைத் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லுங்கள் என்று மாதுரியிடம் சொன்னார், ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போடச் சொல்வதுபோல.

அவள் ஸ்ரீவைகுண்டம் போனாள். அணைக்கட்டுக்குப் போகிற பாதையில், வாழைத்தோட்டத்தை ஒட்டிய வீடு. பாக்கியசீலன் மாமனாரின் தோட்டத்தில் தார் வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். கையெல்லாம் வாழைக்கறை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"வாரேன் மேடம். ஆனா என்னையக் கள்ளன்னு சொன்ன அதே வகுப்புல, அதே பிள்ளைய முன்னால, தப்பாச் சொல்லிட்டேன்னு அவர் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"கேட்டுப் பாக்கறேன்."

"இங்கன பஸ்ஸுல ஏறுனா எல்லாவனும் என்னலே திருடுனேங்கான். எம்மவ பள்ளிக்கூடத்துலருந்து அழுதுட்டு வருதா. அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வலிக்குதா?"

வலித்தது. "மாணவர்கள் முன்னாடி நான் தலையைக் குனியணுமா? வேணும்னா வரட்டும், இல்லன்னா வேற ஆள் பாத்துக்குவோம்" என்றார் முதல்வர். மாதுரி நேராக லேபுக்கு நடந்தாள். அதே மாணவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கரும்பலகையில் அந்த நாற்பது முகவரிகளின் கதையை முழுக்க வரைந்து காட்டினாள். பிறகு சொன்னாள்: "பாக்கியசீலன் எதையும் திருடலை. உங்க முன்னாடி அவரைத் திருடன்னு சொன்னது பொய். சொன்னவர் இன்னும் அதைத் திருத்தலை." வராந்தாவில் முதல்வர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியசீலனிடம் போய் இதைச் சொன்னாள். அதற்குள் அவனுக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை ஆகியிருந்தது. தலையைக் குனிந்து கேட்டவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"நீங்க சொன்னீங்க மேடம். அதை நான் என்னைக்கும் மறக்கமாட்டேன். ஆனா அவர் சொல்லலேல்லா?"

மாதுரி இல்லை என்று தலையாட்டினாள்.